சீன நூலெரிப்பு: கட்டுரையில் சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழஞ்சீனத்தின் நூலெரிப்பு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கி.மு. 213-ல் கன்பூசிய நூல்கள் அத்தனையும் சாம்பலாகிவிட்டதாகவும், பண்டிதர்களின் நினைவாற்றலே அவற்றை மீட்டதாகவும் சொல்கிறது. இரண்டுமே சரியில்லை.

முதலமைச்சர் லி சு முன்மொழிந்து சின் பேரரசன் ஏற்ற ஆணை இதுதான்: சின் நாட்டு வரலாறு தவிர மற்ற நாட்டு வரலாறுகள் எரிக்கப்பட வேண்டும். கவித்தொகையான ஷீ சிங், அரசர் உரைகளும் ஆணைகளும் அடங்கிய ஷூ சிங், பிற சிந்தனைப் பள்ளிகளின் நூல்கள் ஆகியவற்றைத் தனியார் வைத்திருந்தால் வட்டார அதிகாரியிடம் ஒப்படைத்து எரிக்க வேண்டும். 30 நாளில் எரிக்காதவருக்கு முகத்தில் பச்சை குத்தி, மதில் கட்டும் கட்டாய வேலை. மருத்துவம், குறிசொல்லுதல், வேளாண்மை நூல்களுக்கு விலக்கு உண்டு. ஐ சிங் குறிநூல் கணக்கில் தப்பியது. அரசவைப் பண்டிதர் வசமிருந்த படிகளை ஆணை தொடவே இல்லை. ‘தனியார்’ என்ற அந்தச் சொல்லைக் கட்டுரை விட்டுவிட்டது.

அரண்மனைப் படிகளுக்கு எமன் ஏழு ஆண்டு கழித்து வந்தான். கி.மு. 206-ல் சின் ஆட்சியை எதிர்த்த படைத்தலைவன் சியாங் யூ தலைநகர் சியென்யாங்கைக் கொளுத்தினான். மூன்று மாதம் தீ அணையவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் சிமா சியென். அதற்கு முன்பே நகருக்குள் நுழைந்த, பின்னாளில் ஹான் அரசின் முதலமைச்சரான சியாவ் ஹெ காப்பாற்றி எடுத்துச் சென்றவை சட்டங்களும் வரைபடங்களும் அரசுப் பதிவேடுகளும்தான். ஆட்சி நடத்த அவை போதும்!

அடுத்தது நினைவாற்றல். ஜினான் ஊர்க்காரரான முதிய பண்டிதர் ஃபூ ஷெங் ஷூ சிங்கை மனப்பாடமாக ஒப்பித்தார் என்பது பிற்காலத்தில் பரவிய கதை. சிமா சியென் எழுதியிருப்பது வேறு: ஃபூ ஷெங் நூலைச் சுவருக்குள் ஒளித்துவைத்தார், போருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினார், சின்னுக்கு அடுத்து வந்த ஹான் ஆட்சி நிலைத்தபின் வந்து தேடினார். பல பத்து இயல்கள் போய், 29 மட்டுமே மிஞ்சின. அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டதால், மன்னன் வென் தன் அதிகாரி சாவ் சுவோவை அவரிடமே அனுப்பிப் பாடம் கேட்க வைத்தான். ஓசையோடு ஓதப்பட்ட ஷீ சிங் வாய்வழியாகத் தப்பியது உண்மை. ஷூ சிங்கின் கரடுமுரடான உரைநடைக்கு அந்த வசதி இல்லை.

கட்டுரையோடு வந்த ஓவியத்தில் காகிதப் புத்தகங்கள் எரிகின்றன. அன்றைய நூல் மூங்கில் பட்டைகளால் ஆனது. மூங்கிலின் பச்சைத் தோலைச் சீவி, நெருப்பில் வாட்டி, சாறு வியர்த்து வெளியேறியதும் காயவைப்பார்கள். இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும், உளுத்துப்போகும். ஒரு பட்டையில் பெரும்பாலும் ஒரே வரி, மேலிருந்து கீழாக. நம் ஏட்டுச்சுவடி போல் துளையிட்டுக் கோப்பதில்லை. பட்டைகளை வரிசையாக அடுக்கி, பட்டு அல்லது சணல் நூலால் இரண்டு மூன்று இடங்களில் பின்னிப் பாய்போல் சுருட்டுவார்கள். பலவீனம் அந்தப் பின்னல் இழையில்தான். அது இற்றுவிட்டால் பட்டை உதிரும், வரிசை குலையும்.

கி.மு. 26 முதல் அரசு நூலகத்தைச் சீர்செய்த லியூ சியாங், புழக்கத்திலிருந்த மூன்று பள்ளிகளின் ஷூ சிங்கை நூலகத்தின் பழைய படியோடு ஒப்பிட்டார். ‘மது பற்றிய அறிவிப்பு’ என்னும் இயலில் ஒரு பட்டை விடுபட்டிருந்தது. ‘ஷாவ் கோமகனின் அறிவிப்பு’ இயலில் இரண்டு. பட்டைக்கு 25 எழுத்து இருந்த இடத்தில் சரியாக 25 எழுத்து காணோம். 22 இருந்த இடத்தில் 22. எழுத்து வேறுபாடுகளோ 700-க்கு மேல். இந்தச் சேதத்துக்கு எந்த மன்னனும் தீ வைக்க வேண்டியிருக்கவில்லை.

கன்பூசியஸ் வீட்டுச் சுவரை லூ நாட்டு மன்னன் அரண்மனை விரிவாக்கத்துக்காக இடித்தபோதும் பழைய எழுத்தில் ஷூ சிங் கிடைத்தது, 16 இயல்கள் கூடுதலாகவே. ஆனால் அரசுக் கல்விக்கூடத்தில் அவற்றுக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. பாடம் சொல்வாரில்லாமல் அந்த 16-ம் மறைந்தன. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அந்த வெற்றிடத்தில் 25 போலி இயல்கள் நுழைந்தன. 17-ஆம் நூற்றாண்டில் அறிஞர் யென் ருவோச்சு அவற்றின் வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏற்றும்வரை அவை மூலநூலாகவே ஓதப்பட்டன.

உண்மையில் பேரிழப்பு வரலாற்று நூல்களுக்குத்தான். ஷீ, ஷூ இரண்டும் பல வீடுகளில் இருந்ததால் திரும்பக் கிடைத்தன, நாட்டு வரலாறுகளோ சின்னுக்கு முன் ஆண்ட ஜோவ் அரச இல்லத்தில் மட்டும் இருந்ததால் அழிந்தன என்று சிமா சியென் வருந்துகிறார். அவருக்கு மிஞ்சியது சின் நாட்டுக் குறிப்பு ஒன்றே. அதிலும் நாளும் மாதமும் இல்லை.

460-க்கும் மேற்பட்ட பண்டிதர்கள் கொல்லப்பட்ட நிகழ்ச்சி கி.மு. 212-ல் நடந்தது. சாகா மருந்து தேடித் தருவதாகச் சொன்ன இருவர் பேரரசனைப் பழித்துவிட்டுத் தப்பியோடியதால் வந்த வினை அது. கட்டுரை அதையும் நூலெரிப்பு ஆணைக்குள் சேர்த்திருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் நாளிதழைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள்; ஆண்டுகளையாவது திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்