பாம்பின் பெயரைச் சரிபார்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்தால் 'வீட்டுக்குள் புகுந்த கொடிய விஷப்பாம்பு' என்ற செய்தியும் வந்துவிடுகிறது. படத்தைப் பார்த்தால் பல நேரம் அது சாரை, இல்லாவிட்டால் தண்ணீர்ப் பாம்பு. வயல் எலியைத் தின்னும் சாரையை இப்படிப் பயந்தே அடித்துக் கொல்கிறார்கள்.

வெள்ளிக்கோல் வரையன் பாடு இன்னும் மோசம். பல்லி பிடிக்க ராத்திரியில் குளியலறைச் சுவரில் ஏறும் இந்த விஷமில்லாத பாம்பைக் கட்டுவிரியன் என்றே நினைக்கிறார்கள். இதற்கு உடல் பழுப்பு, தலை தட்டை. பட்டைகள் கழுத்தருகிலேயே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். வளர்ந்த கட்டுவிரியனோ பளபளக்கும் கருப்பு. தலையை ஒட்டிக் கொஞ்ச தூரம் வளையம் இருக்காது. அதற்குப் பிறகு மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால்வரை தெளிவாக இருக்கும். சந்தேகம் இருந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நிற்பது நல்லது.

மாறிச் செய்யும் தவறும் உண்டு. கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். முதுகில் மூன்று வரிசையாகக் கரும்விளிம்புள்ள நீள்வட்டப் புள்ளிகள், குக்கர் போல நீண்ட சீறல் என்றால் பக்கத்திலேயே போகக் கூடாது. விஷப்பாம்புக்குத் தலை முக்கோணமாக இருக்கும் என்பதையும் நம்ப முடியாது. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் அப்படி இல்லை.

அப்புறம், கடித்த பாம்பை அடித்துப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பழக்கம் நிற்க வேண்டும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது. மருத்துவர் அறிகுறிகளையும், ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்பதையும் பார்த்துச் சிகிச்சை தருவார். பாம்பைத் துரத்தும் நேரத்தில் 108-ஐ அழைக்கலாம். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, தடமும் தெரியாது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமையும் தொங்கினால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் உடனே கிளம்பிவிட வேண்டும்.

பாம்புக்கடி நேர்ந்தால் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. நல்ல முடிவு. உங்கள் இதழும் ஐப்பசிக்கு முன் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, இந்த நான்கு பாம்புகளையும் அவற்றைப் போலவே இருக்கும் விஷமற்றவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வண்ணப் படங்களாகப் போட வேண்டும். பெயர்களை வனத்துறையிடமோ, வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திடமோ கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்தை எங்கள் ஊர்ப் பள்ளியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
திருத்துறைப்பூண்டி