மனுவோடு சர்வே எண்ணையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

தொகுதி மக்களுக்கு வணக்கம்.

2021-இல் நீங்கள் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.வின் பதவிக்காலம் நிறைவடையும் வேளையில், அவரது அலுவலகப் பணியாளர்கள் எழுதும் மடல் இது. பேரூராட்சி வார்டு உறுப்பினராக இருந்து கோட்டைக்குப் போனவர். அங்கே அவர் வைத்த கோரிக்கைகளுக்கு ஆதாரம் திரட்டித் தந்தவர்கள் நீங்கள்தான்.

முதல் நன்றி கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் நில அளவையர்களுக்கும். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது எம்.எல்.ஏ. கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைப்பார். பொறியாளர் மதிப்பீடு போட்டபின் ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். அதன் பிறகே டெண்டர். நிதி இருந்தும் வேலை நின்றுபோவது பெரும்பாலும் இடத்தால்தான். அங்கன்வாடிக்கென்று ஊரே கைகாட்டும் காலி இடம், கிராம நிலங்களின் வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்காக இருக்கும். அங்கே கட்ட அனுமதி கிடைக்காது. மதிப்பீடு போடும் முன்பே நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படமும் பதிவேட்டு நகலும் எடுத்துக் கொடுத்து, மாற்று இடமும் காட்டினீர்கள். ஊராட்சித் தீர்மான நகலைக் கையோடு அனுப்பிய செயலர்களையும் மறக்க முடியாது.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 தொகுதிகளிலிருந்தும் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கேட்டபோது, அவகாசம் பதினைந்தே நாள். மேசையில் குவிந்த மனுக்களில் பத்தை மட்டும் பொறுக்குவது மனத்துக்குக் கஷ்டமான வேலை. எது தொகுதி நிதிக்குள் முடியும், எதற்குத் துறையின் நிதி வேண்டும் என்று பிரித்துத் தந்த ஓய்வுபெற்ற பொறியாளர்களுக்குக் கடமைப்பட்டுள்ளோம்.

மின்வாரியக் களப் பணியாளர்களுக்குத் தனி நன்றி. "விளக்கு மங்கலாக எரிகிறது" என்று மட்டும் எழுதினால் மனு பதில் இல்லாமல் கிடக்கும். டிரான்ஸ்பார்மர் எண், அதில் உள்ள இணைப்புகள், இரவு ஏழு மணிக்கு வீட்டில் வரும் வோல்டேஜ் ஆகிய மூன்றும் இருந்தால், 63 கே.வி.ஏ. திறன் கொண்ட டிரான்ஸ்பார்மரை 100 கே.வி.ஏ. ஆக மாற்றக் கேட்பதற்கு வலு இருக்கும். அந்த விவரங்களைச் சீட்டில் குறித்துத் தந்தீர்கள்.

பள்ளி நேரத்துக்குப் பஸ் கேட்ட பெற்றோர்கள், கடைசி ஊரில் வண்டி திரும்ப இடம் உண்டா என்பதையும் அளந்து சொன்னார்கள். அதில்லாமல் போன மனுக்கள் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரைத் தாண்டியதே இல்லை.

சட்டமன்றத்தில் "அரசு ஆவன செய்யுமா?" என்று கேட்டால், "நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்டபின் உடனே எழுப்பும் துணைக்கேள்விதான் அங்கே கேள்விக்கு உயிர். அதற்கு வேண்டிய தூரம், எண்ணிக்கை, அரசாணை எண் எல்லாம் நாங்கள் கூப்பிட்ட மாத்திரத்தில் நீங்கள் போனில் சொன்னவை.

முடியாமல் நிற்கும் வேலைகளின் கோப்புகளை ஊராட்சி வாரியாகக் கட்டி வைத்திருக்கிறோம். அடுத்து வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவரிடம் ஒப்படைப்போம். மனு கொடுத்தவர்கள் ரசீது எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நன்றியுடன்,
சட்டமன்ற உறுப்பினர் அலுவலகப் பணியாளர்கள்