சுரங்கம் வரட்டும், கணவாய்ச் சாலையும் இருக்கட்டும்: மணாலி–லே சாலையைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். ரோஹ்தாங் கணவாயின் அடியில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. ஷிங்கு லாவின் (‘லா’ என்றால் கணவாய்) அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கத்துக்கான முதல் வெடி 2024 ஜூலை 26 அன்று வைக்கப்பட்டது. அடுத்ததாகப் பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, டாங்லாங் லா ஆகியவற்றையும் குடைந்து இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை ஆண்டு முழுவதும் வண்டி ஓடச் செய்வது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. இதில் எதையும் எதிர்ப்பதற்காக நான் எழுதவில்லை. பனிக்காலம் தொடங்கியதும் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த, ரோஹ்தாங்குக்கு அப்பால் உள்ள லாஹௌல் பள்ளத்தாக்கு மக்களுக்கு, நோயாளியை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும் வழி எப்போதும் திறந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கோடையில் மட்டும் வந்துபோகும் நான் மறுத்துப் பேசினால் அது அபத்தம். சுரங்கம் திறந்த பிறகு அதன் தலைக்கு மேலே கிடக்கும் பழைய சாலையை என்ன செய்யப் போகிறீர்கள் என்ற ஒன்றைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

அந்தச் சாலையில் இரண்டு முறை சைக்கிளில் சென்றவன் நான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஏறி இறங்கிக் கால்களைப் பழக்கிக்கொண்டேன்; ஆனால் உயரத்துக்கு நுரையீரலைப் பழக்கத் தமிழ்நாட்டில் இடமில்லை. எங்கள் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். லாஹௌலின் கேலாங் கடைத்தெருவே அதைவிட நானூறு மீட்டருக்கு மேல் உயரம். ஆகவே முதல் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் முழுவதும் மூச்சைப் பற்றியது.

கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறத்தாழப் பாதிதான் 5,328 மீட்டர் உயரமுள்ள டாங்லாங் லாவின் உச்சியில் இருக்கிறது. சமவெளியில் மணிக்கு இருபது கிலோமீட்டர் போகிறவன் அங்கே ஐந்து போவான். நூறு மிதிக்கு ஒருமுறை காலை ஊன்றி நிற்பான். மூவாயிரம் மீட்டரைத் தாண்டிவிட்டால், ஒவ்வோர் இரவும் படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஓய்வும் வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. காலையில் 2,050 மீட்டரில் உள்ள மணாலியில் சிற்றுண்டி முடித்துவிட்டு இரவு 4,290 மீட்டரில் உள்ள சர்ச்சுவில் கூடாரத்தில் படுக்கும் கார்ப் பயணி இந்த அறிவுரையை ஒரே நாளில் மீறிவிடுகிறார். விடிய விடியத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். சைக்கிள்காரன் விரும்பினாலும் அப்படி மீற முடியாது. கேலாங், தார்ச்சா, ஜிங்ஜிங்பார் என்று அவனுடைய கால்களே அவனை இடைநிறுத்தி இடைநிறுத்தி ஏற்றுகின்றன. ஆனால் அதற்கு வழியில் படுக்க இடமிருக்க வேண்டும். பாராசூட் துணியை விரித்துக் கோடையில் மட்டும் நடக்கும் அந்தத் தாபாக்கள்தாம் எங்களுக்குச் சத்திரம், சாப்பாட்டுக்கடை, முதலுதவி நிலையம் எல்லாம். சர்ச்சுவுக்கும் அடுத்த தங்குமிடமான பாங் என்ற இடத்துக்கும் இடையே ஒரே நாளில் நக்கீ லா, லாச்சுலுங் லா என இரண்டு கணவாய்களைத் தாண்டத் திராணி இல்லாதவர்கள், இரண்டுக்கும் நடுவே விஸ்கி நாலா என்ற ஓடையருகே உள்ள கூடாரங்களில் ஓர் இரவைக் கழிக்கிறார்கள். முதல் பயணத்தில் நானும் அங்கேதான் படுத்தேன். கூடாரத்தை நடத்திய அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே பூண்டு போட்ட சூப்பை ஒரு லோட்டா நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

சுரங்கம் வந்து லாரிகள் அதற்குள் போய்விட்டால் அந்தக் கூடாரம் இருக்காது. லாரி ஓட்டுநர்களை நம்பித்தான் தாபாக்கள் நடக்கின்றன. ஒரு கோடைக்குச் சில நூறு சைக்கிள்காரர்களை நம்பி யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். ரோஹ்தாங்கைத் தாண்டியதும் எல்லா வண்டியும் நின்று சாப்பிட்ட கோக்சர், சுரங்கத்தின் வடக்கு வாயில் சிஸ்ஸு பக்கம் திறந்ததால், இப்போது லே செல்லும் நேர்வழியில் இல்லை. அப்படியும் ரோஹ்தாங் சாலை பிழைத்துக்கொண்டது. பனியைப் பார்க்க மணாலியிலிருந்து மேலே வரும் கூட்டம் அவ்வளவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாளொன்றுக்கு 1,200 வண்டிகள் என்று வரம்பு கட்ட வேண்டிய அளவுக்குக் கூட்டம். லாச்சுலுங் லாவுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அங்கே பக்கத்து ஊர் என்று ஒன்றே இல்லை. வண்டிகள் போவதை நிறுத்திவிட்டால் அந்தச் சாலையை நினைத்துப் பார்க்கவும் ஆள் இருக்காது.

நினைப்பாரற்ற சாலை அந்த மலையில் எத்தனை நாள் நிற்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இமயம் மழைமேகங்களைத் தெற்கிலேயே தடுத்துவிடுவதால் லேயில் ஆண்டு முழுவதும் சேர்த்துப் பெய்வதே ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். மழையே இல்லாத இடத்தில் சாலை எப்படிக் கெடும் என்று முதலில் நானும் நினைத்தேன். பகலில் உருகி, விரிசலுக்குள் இறங்கி, இரவில் உறைந்து பாறையைப் பிளக்கும் பனிநீர் அதைச் செய்கிறது. காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடும் நாலா (மலையோடை), வெயில் ஏறி மேலேயுள்ள பனி உருகி வந்து சேரும்போது, பிற்பகல் மூன்று மணிக்கு முழங்காலைத் தாண்டிவிடுகிறது. ஜிங்ஜிங்பாருக்கு மேலே அப்படி ஒரு நாலாவை நேரம் கெட்ட நேரத்தில் கடக்கப் பார்த்துத் தடுமாறி விழுந்தேன். சைக்கிளை ஒரு கையிலும் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நீருக்குள் உட்கார்ந்திருந்த என்னை, சாலை வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த இரண்டு தொழிலாளர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். அவர்கள் ஒவ்வொரு கோடையிலும் கல் அடுக்கி, மண் தள்ளி, மதகைத் தூர்வாருவதால்தான் அந்தச் சாலை சாலையாக இருக்கிறது. சில ஆண்டுகள் அவர்கள் வராவிட்டால், ஒவ்வொரு நாலாவும் தனக்கு வேண்டிய இடத்தில் சாலையை அறுத்துக்கொண்டு போய்விடும்.

அப்படிப் போனால் போவது என்ன என்று கேட்கலாம். சர்ச்சுவைத் தாண்டி நக்கீ லாவை நோக்கி ஏறும் காட்டா வளைவுகளை மட்டும் சொல்கிறேன். 21 கொண்டை ஊசிகள், ஏறத்தாழ 450 மீட்டர் ஏற்றம். காரில் கண்ணயர்ந்தால் முடிந்துவிடும். எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு வளைவிலும் கீழே சராப் ஆறு இன்னும் கொஞ்சம் மெலிந்து நூலாகிறது. எதிர்மலையில் செம்பு, சாம்பல், ஈரச் சாணம் போன்ற ஒரு பச்சை எனப் பட்டை பட்டையாகப் பாறை நிறம் மாறுகிறது. ஒரு புல்கூட இல்லாததால் மலையின் எலும்பு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. வழியில் ஒரு சின்னக் கோயில் மாதிரியான கல்மாடம். அங்கே தண்ணீருக்குத் தவித்து இறந்துபோன லாரி கிளீனர் ஒருவனின் ஆவி இருப்பதாக ஓட்டுநர்கள் சொல்கிறார்கள்; அவனுக்காகத் தண்ணீர் பாட்டில்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். மூடி திறக்காத பாட்டில்கள் வெயிலில் மங்கிக் குவியலாகக் கிடந்தன. என்னிடம் அப்போது அரை லிட்டர்தான் மிச்சம். எடுக்க மனம் வரவில்லை. அதிலிருந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, மிச்சத்தில் கொஞ்சம் கல்லின் மேல் ஊற்றிவிட்டு ஏறினேன்.

நான் கேட்பது தார் அல்ல, அகலப்படுத்துவதும் அல்ல. சுரங்கம் திறந்த பிறகும் கோடைக்கு ஒருமுறை, பனி விலகியதும், பழைய சாலையில் சரிந்த கல்லை அகற்றி மதகுகளைத் திறந்துவிட ஒரு குழு போக வேண்டும். ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் அகலம் மிஞ்சினால் போதும்; ஆடு மேய்ப்பவர்களுக்கும் அது உதவும். கூடாரங்கள் இல்லாமல் போகும் இடங்களில், குறைந்தது நக்கீ லாவுக்கும் லாச்சுலுங் லாவுக்கும் இடையிலும், டாங்லாங் லாவின் இரு அடிவாரங்களிலும், நான்கு பேர் படுக்கும்படி கல்லில் ஒரு குடில் வேண்டும். நாற்பது கிலோமீட்டர் மோரே சமவெளியில் குடிநீர் எங்கே கிடைக்கும் என்பதை மைல்கல்லில் எழுதிவைத்தால், பிற்பகலில் முகத்தில் அறையும் காற்றில் ஆளுக்கு ஐந்து லிட்டர் சுமக்க வேண்டியிருக்காது. கணவாய்ச் சாலை மூடியிருக்கும் நாட்களில் சைக்கிளையும் ஆளையும் ஏற்றிச் சுரங்கத்தைக் கடத்திவிட ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்தால் மிகவும் நல்லது.

பலகைகளைப் பற்றியும் ஒரு சொல். லேக்கு வடக்கே உள்ள கர்துங் லாவின் உயரம் 5,602 மீட்டர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது. செயற்கைக்கோள் கருவி கொண்டு அளந்தவர்களுக்குக் கிடைத்ததோ 5,359 மீட்டர்தான். படம் எடுத்துக்கொள்பவருக்கு இது பொருட்டல்ல. மூச்சை எண்ணி ஏறுபவருக்குச் சரியான எண் வேண்டும். (‘லா’ என்றாலே கணவாய்தான் என்பதால், ‘டாங்லாங் லா கணவாய்’ என்று எழுதுவது ‘கேட்டு வாசல்’ என்பதைப் போன்றது. இது மட்டும் என் சொந்தக் குறை, விட்டுவிடலாம்.)

இவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு ஒரு சுரங்கத்தின் செலவில் கணக்கில்கூட வராது என்று நினைக்கிறேன். ஆனால் சுரங்கம் முடிந்து, இயந்திரங்களும் முகாம்களும் கீழே இறங்கிய பிறகு தனியாக நிதி கேட்டால் கிடைக்காது. எனவே அடுத்த கணவாய்க்கான திட்ட அறிக்கையைத் தயாரிக்கும்போதே, பழைய சாலையின் பராமரிப்பு யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தத் தலைப்பில் செலவு என்பதை அதிலேயே ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணவாய்களை மிதித்துக் கடந்த ஒரு சைக்கிள் பயணி