சீமெண்ணெய்ப் பந்தயம்

அன்புள்ள மணி,

பெரியக்கா போய் ஐந்து மாதம் ஆகிறது. நான் காரியத்துக்கும் வரவில்லை, ஒரு வரி எழுதவும் இல்லை. முட்டி ஆபரேஷன் வருவதற்குத்தான் தடை, எழுதுவதற்கு இல்லை. உட்காரும்போதெல்லாம் அக்காவின் இடது கை கண்முன் வந்துவிடும். பேனாவை மூடி வைத்துவிடுவேன். மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி ஏழாம் வகுப்பு. உன் தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உன்னைத்தான் தினமும் திட்டுகிறாள், போன் செய்வதில்லை என்று.

இப்போது எழுத வைத்தது நம் பந்தயம். 1974, ஹாஸ்டல் மொட்டைமாடி. ஜெட் விமானத்துக்குச் சீமெண்ணெய் என்றேன் நான். "விளக்குக்கு ஊற்றுவதை விமானத்துக்கு ஊற்றுவானாடா? அதுவும் சண்டை விமானத்துக்கு?" என்று நீ குதித்தாய். வார்டன் எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார், நீ முனகிக்கொண்டே ஆறு பரோட்டா வாங்கித் தந்தாய். போன மாதம் பேத்தி, "தாத்தா, பிளேனுக்கு ஏன் பெட்ரோல் போடுவதில்லை?" என்று கேட்டாள். பதில் சொல்லப் போய் மூன்று வாரமாக அதையே படிக்கிறேன். அந்தப் பரோட்டாவை நான் முழுசாகச் சாப்பிட்டிருக்கக் கூடாது மணி. எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பேத்தியின் கேள்விக்கு விடை சுலபம். பெட்ரோலின் தரத்தைச் சொல்லும் ஆக்டேன் என்பது சிலிண்டருக்குள் இருக்கிற கவலை. பிஸ்டன் அழுத்தும்போது பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டக் கூடாது, அதற்குத்தான் உயர்தரம் வேண்டும். ஜெட்டில் தீ அடுப்பு மாதிரி ஒரே சீராக எரிந்துகொண்டே இருக்கிறது. அங்கே தட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அடுப்பை அணையாமல் எரிய வைக்கத்தான் எல்லோரும் படாத பாடு பட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஜெட் என்ஜின் செய்யப் புறப்பட்ட வான் ஓஹைனுக்குத் திரவ எரிபொருளோடு மல்லுக்கட்ட நேரமில்லை. 1937இல் தன் முதல் என்ஜினை ஹைட்ரஜன் வாயுவில் ஓட்டிக் காட்டிவிட்டார். இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டில் திரவத்தோடுதான் போராடினார். அதே வருஷம் ஏப்ரல் 12, ரக்பி ஊர்த் தொழிற்சாலையில் அவருடைய என்ஜின் முதல்முறை ஓடியது. வால்வை மூடிய பிறகும் வேகம் ஏறிக்கொண்டே போனதாம். கசிந்த எண்ணெய் உள்ளே அடியில் தேங்கிப் பற்றிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். அவர் மட்டும் அந்த இடத்திலேயே நின்றார்.

இனிமேல் வருவதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. விட்டில் முதலில் என்ன செய்தார் தெரியுமா? சீமெண்ணெயைக் குழாய்க்குள் அழுத்தி, அந்தக் குழாயைத் தீயிலேயே காய வைத்து, ஆவியாக்கி எரித்தார். அப்படியே நம் பம்ப் ஸ்டவ்! அதற்கு வந்த நோயும் இதற்கு வந்தது. குழாய்க்குள் கரி அடைக்கும், ஓர் இடத்தில் சூடு கூடிக் குழாய் கோணிக்கொள்ளும். ஸ்டவ்வுக்குப் பின் போட்டுக் குத்தலாம், என்ஜினுக்கு என்ன செய்வது? 1940இல் ஷெல் கம்பெனியின் ஐசக் லபக், எண்ணெயைப் பனி மாதிரி பீய்ச்சும் பர்னரைக் கொண்டுவந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். 1941 மே 15 மாலை இங்கிலாந்தின் கிரான்வெல்லில் விட்டிலின் என்ஜினோடு குளோஸ்டர் விமானம் எழும்பி 17 நிமிஷம் பறந்தது. நம் அம்மாக்கள் விடியற்காலையில் பம்ப் அடித்துப் போராடிய சிக்கல்தான் அது என்று நினைக்க நினைக்க எனக்கு மனசு பொங்குகிறது.

ஜெர்மன்காரர்களின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்ற ஜெட் சண்டை விமானத்தில் உனக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. அதற்குப் போட்டது ஜே-2 என்ற டீசல் வகை எண்ணெய். அது பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்தது, முப்பது வருஷம் நெய்வேலியில் நீ வெட்டிய அதே சரக்கு. இரண்டாவது, அதை ஸ்டார்ட் செய்யும் முறை. என்ஜின் மூக்குக்குள் ஒரு குட்டி டூ ஸ்ட்ரோக் மோட்டார், அதற்குக் கயிறு இழுக்கிற கைப்பிடி. முதலில் பெட்ரோல், வேகம் பிடித்ததும் ஜே-2. உங்கள் அப்பா கிணற்றடி என்ஜினுக்கு மூடியளவு பெட்ரோல் ஊற்றிக் கயிறு இழுத்து, அப்புறம் சீமெண்ணெய்க்குத் திருப்புவாரே, அதேதான். ஆனால் அந்த விமானத்தை முழு மனசோடு ரசிக்க முடியவில்லை. அதன் உடல் பாகங்களைச் சுரங்கத்துக்குள் முகாம் கைதிகளைக் கொண்டு செய்தார்கள், செத்தவர்கள் ஏராளம். அதைப் படித்த அன்றைக்கு மேலே படிக்கவில்லை.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். அமெரிக்கா 1944இல் ஜேபி-1 என்று ஒரு ஜெட் எரிபொருளை வகுத்தது. சுத்தமான சீமெண்ணெய், மைனஸ் 60 டிகிரியிலும் உறையக் கூடாது. அப்படிப்பட்ட எண்ணெய் கச்சா எண்ணெயில் கொஞ்சம்தான் கிடைக்கும். போர் வந்தால் பற்றாது என்று பயந்து பெட்ரோலைக் கலந்தார்கள். அப்படிக் கலந்த ஜேபி-3 உயரம் ஏற ஏறத் தொட்டியிலேயே கொதித்து ஆவியாகப் போனது. 1951இல் ஜேபி-4 வந்தது. சீமெண்ணெயும் பெட்ரோலும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரைக்கும் அமெரிக்க விமானப்படைக்கு அதுதான் முக்கிய எரிபொருள். ஆக 1974இல் சண்டை விமானம் என்று நீ சொன்னது பாதி சரி. மூன்று பரோட்டா பாக்கி, வட்டியோடு தருகிறேன்.

இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் தயங்கினேன். சீமெண்ணெய் பற்றிக்கொள்ள ஆவி சேர வேண்டும், அதற்கு 38 டிகிரியாவது சூடு வேண்டும். பெட்ரோல் கலந்தால் உறைபனியிலும் ஆவி தயாராக நிற்கும், ஒரு பொறி போதும். விமானம் தாங்கிக் கப்பலில் அதை வைத்துக்கொள்ள முடியாது என்று கடற்படை 60 டிகிரிக்குக் கீழே பற்றாத ஜேபி-5ஐத் தனியாக வைத்துக்கொண்டது. விமானப்படையோ வியட்நாமில் தீயில் எத்தனையோ விமானங்களை இழந்த பிறகுதான் சீமெண்ணெய்க்குத் திரும்பியது.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது அக்கா சமையலறையில் நின்றாள் மணி. ரேஷன் தீர்ந்து வெளியே வாங்கி வந்த டின், அதில் எவனோ கலந்த பெட்ரோல், அவள் எப்போதும் போலக் கிழித்த தீக்குச்சி. "பம்ப் அதிகமா அடிச்சுட்டேன், என் தப்பு" என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாளே. முந்தானையால் அந்தக் கையை மூடிக்கொண்டு எனக்கு எத்தனை முறை சோறு போட்டிருக்கிறாள். அவள் தப்பு ஒன்றுமே இல்லை. நல்ல சீமெண்ணெய் என்றால் அவ்வளவு சுலபமாகப் பாய்ந்திருக்காது. இதை அவள் இருக்கும்போதே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு என்ஜின் டிப்ளமோக்காரன் கூடவே இருந்தும் சொல்லவில்லை.

அத்திம்பேருக்காவது சொல். உன் வாயால் சொன்னால் நம்புவார்.

பொங்கல் முடிந்ததும் வருகிறேன், டாக்டர் பஸ்ஸில் உட்காரலாம் என்றுவிட்டார். பரணில் அந்தப் பித்தளை ஸ்டவ் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதே. நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சேது