கருப்பனின் கால்

அல்சூர்,
பெங்களூரு.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கடைசியில், "கருப்பன் ஒரு மாசமாக நொண்டுகிறான், வயசாச்சு இல்லையா" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

எங்கள் நாய் மணிக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. 9 வயசு, இடது முன்னங்கால். மூட்டுத் தேய்மானம் என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு மாசம் அப்படியே ஓடிவிட்டது. ஒருநாள் குளிப்பாட்டும்போது தோளில் கை வைத்தால் சதையே இல்லை; தோள்பட்டை எலும்பின் விளிம்பு கையில் குத்தியது. வலது தோள் எப்போதும்போல் திரண்டிருந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

வேறொரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் பார்த்தது முகத்தை. இடது கண்ணில் பாப்பா சுருங்கி, இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. தினமும் பார்க்கிற முகம், எங்களுக்குத் தெரியவில்லை! கண் பாப்பாவை விரிக்கும் நரம்பும் முன்னங்கால் நரம்பும் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றனவாம். அப்புறம் அக்குளில் விரல் வைத்து மெல்ல அழுத்தினார். எந்த ஊசிக்கும் முனகாத மணி வீறிட்டான்.

மயக்கம் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்ததில், காலுக்குப் போகும் நரம்புக் கற்றையில் கட்டி. நரம்பின் உறையிலிருந்து வளரும் புற்று. மற்ற உறுப்புகளுக்கு அவ்வளவாகப் பரவாது, ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டே தண்டுவடம் வரை ஏறிவிடும். சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் சில நாய்களுக்குக் காலை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் எடுக்க முடியும். நாங்கள் அதைத் தாண்டிவிட்டோம். அந்த நாலு மாசம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

தோள்பட்டை எலும்போடு காலை எடுத்து, நரம்புகளைத் தண்டுவடத்துக்கு முடிந்த அளவு கிட்டே போய் அறுத்தார்கள். நாய் தன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது என்று கேட்டதும் கமலா அழுதுவிட்டாள். ஆனால் மறுநாளே எழுந்து நின்றான். டைல்ஸ் தரையில் வழுக்குகிறது என்று வீடு முழுக்க ரப்பர் பாய் போட்டிருக்கிறோம். சாயங்காலம் ஏரிப் பக்கம் மூன்று காலில் என்னை இழுத்துக்கொண்டு போகிறான். அறுத்த முனையில் புற்று இல்லை என்று பரிசோதனையில் வந்தது. திரும்பவும் வரலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், விடாமல் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

கருப்பனுக்கு எந்தக் கால் என்று நீ எழுதவில்லை. முன்னங்கால் என்றால் இரண்டு தோளையும், பின்னங்கால் என்றால் இரண்டு தொடையையும் ஒரே நேரத்தில் தடவிப் பார். ஒரு பக்கம் வற்றியிருந்தால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் விட்டுவிடாதே. நரம்பைப் பார்க்கச் சொல்லிக் கேள். வெறும் சுளுக்காகவே இருக்கட்டும், இருந்தாலும் பார்த்துவிடு. பார்த்துவிட்டு எந்த நேரமானாலும் போன் பண்ணு.

அன்புடன்,
ரவி