மரத்தடியில் யாரும் இல்லை

ஏற்காடு

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. அதன் பிறகு ஏழு வாரமாகப் பேச்சில்லை. காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு மரத்துக்காக விடியும்வரை காத்திருக்கிறவனுக்கு அவளிடம் இரண்டு நிமிடம் பேச முடியாதா? தனியாகப் போகாதே.

படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. வெயில் திட்டுத்திட்டாக விழுந்தால் காடு கெட்டுவிடும், மூட்டமே நல்லது என்பாய். அந்தச் சிவந்த பட்டை மூட்டத்தில் எப்படித் துலங்குகிறது! காபிக்கொட்டை எடுக்க வந்தவரிடம் பெருமையாகக் காட்டினேன். சில்வர் ஓக்கா என்று கேட்டார். இல்லை, அமெரிக்காவில் இருக்கும் ஜெனரல் ஷெர்மன் என்ற செக்கோயா மரம், உயரம் 83 மீட்டர், வயது 2,000க்கு மேல் என்றேன், நம்பவில்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய படத்தைப் பார்த்த பிறகுதான் வாயடைத்துப் போனார். அதில் மருமகள் சிவப்பு ஸ்வெட்டரோடு வேலியோரம் கட்டைவிரல் அளவில் நிற்கிறாள். மரத்தின் அளவு தெரிய ஆள் வேண்டும் அப்பா என்று நீதான் சொன்னாய். எப்போதும் அவள்தான் நிற்பாள். இந்த மூன்றிலும் யாரும் இல்லை.

2021இல் காட்டுத்தீ நெருங்கியபோது அந்த மரத்தின் அடியை அலுமினியத் தாளால் சுற்றியதைச் செய்தியில் பார்த்துப் பதறினோம். இருவரும் சேர்ந்து போன் செய்தீர்கள். "பட்டையே இரண்டடி கனம் இருக்கும் மாமா, பயப்படாதீர்கள்" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

வேளைக்குச் சாப்பிடு. தனியாகப் போகாதே.

நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது அம்மா எட்டு மாதம் ஆத்தூரில் இருந்தாள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று உன்னிடம் சொன்னேன். பாட்டி நன்றாகத்தான் இருந்தார். நான் பேசிய பேச்சு தாங்காமல்தான் அம்மா போனாள். ஆத்தூர் என்ன தூரம்? சேலத்தில் பஸ் மாறினால் மதியத்துக்குள் போய்விடலாம். நான் போகவில்லை. அவளாக வரட்டும் என்று காபிச் செடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தேன். இரவில் நீ அவளைக் கேட்டு அழுவாய், அப்போதும் போகவில்லை. கடைசியில் அவளாகத்தான் வந்தாள். தவறு என்னுடையது என்று இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அம்மா காபித்தூள் அரைத்து வைத்திருக்கிறாள், வழக்கம்போல் இருவருக்குமாக. பழைய முகவரிக்கே அனுப்பட்டுமா? போனில் சொல்ல முடியாவிட்டால் எழுது.

அப்பா