முதல் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. தைப்பூசக் காவடியன்று பிள்ளைகள் கோயிலில் அழகாகப் பாடினார்கள். திருக்குறள் ஒப்புவித்தலில் பலர் பரிசு வாங்கினார்கள். சின்ன வகுப்பில் எல்லோருக்கும் உயிரெழுத்து வந்துவிட்டது. வருடப்பிறப்பன்று வாழையிலை போட்டு ஏழு கறியோடு பரிமாறிய தாய்மார்களுக்கு நன்றி.

அப்புறம், நம் மொரீசியஸின் புளூ பே கடற்கரைக்குச் சுற்றுலா போய்வந்தது பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

பிள்ளைகள் நன்றாக விளையாடினார்கள், யாருக்கும் அடிபடவில்லை. வேன் கொடுத்தவர்களுக்கும் கூடவே வந்து பார்த்துக்கொண்டவர்களுக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனால் மறுவாரம் மூன்றாம் வகுப்பைத் திறந்தபோது உள்ளே நுழைய முடியாத நாற்றம். அலமாரிக்கு அடியில் ஒரு பை இருந்தது. அதில் தேங்காய் அளவுக்கு ஒரு மூளைப்பவளம் (மூளைபோல் வரிவரியாக இருக்கும், கல் மாதிரித் தெரியும் கடலுயிர்), சில சிப்பிகள், காய்ந்து விறைத்த ஒரு நட்சத்திர மீன். பவளத்தின் மேல் சளிபோல் வழிந்துகொண்டிருந்தது அதன் சதை. "கல்லுன்னு நினைச்சேன் சார்" என்றான் அதை எடுத்துவந்த பையன். அவனை யாரும் திட்டவில்லை. அவனுக்கு எட்டு வயது. அந்த வகைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. அவன் பிறப்பதற்கு முன்பே அது கடலில் வளர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு வருத்தம் பிள்ளைகள் மேல் இல்லை. அன்று பெரியவர்கள் சிலரும் பை நிறையச் சிப்பி பொறுக்கினார்கள். தண்ணீர் வற்றிய நேரத்தில் செருப்போடு பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள். ஆசிரியை தடுத்தபோது, "ஒரு சிப்பி எடுத்தால் கடல் வற்றிவிடுமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நியாயமான கேள்விதான், அதனால் பதிலும் சொல்கிறேன். நம்முடையது எரிமலைத் தீவு. இங்குள்ள பாறை கறுப்பு. கரையில் கிடக்கும் வெள்ளை மணல் பவளமும் சிப்பியும் நொறுங்கிச் சேர்ந்தது. வெறும் சிப்பி, சங்கு என்று நாம் எடுப்பதற்குள்ளும், காலி ஓட்டில் குடியேறி வாழும் துறவி நண்டு இருக்கலாம், இல்லாவிட்டால் குடிவரக் காத்திருக்கலாம். பவளத்துக்கோ ஏற்கெனவே கஷ்டகாலம். கடல் சூடேறினால், பவளத்துக்குள் இருந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும், சூடு தணியாவிட்டால் பட்டினியில் செத்துப்போகும். 2024-இல் உலகக் கடல்களில் நான்காவது முறையாக இந்தப் பெருவெளுப்பு நடப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கடலின் சூட்டை நம் பள்ளியால் குறைக்க முடியாது. பவளத்தை மிதிக்காமல் இருக்க முடியும்.

நம் மீனவர்களைப் பாருங்கள். ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்காமல் விடுகிறார்கள், குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று. அது அவர்கள் பிழைப்பு. அவர்களே விட்டுக்கொடுக்கும்போது, வரவேற்பறை அலங்காரத்துக்காக நாம் எடுப்பது சரியா?

இதில் சட்டமும் இருக்கிறது. பவளமும் சிப்பியும் எடுப்பது மொரீசியஸில் குற்றம். புளூ பே 2000-இலிருந்தே கடல் பூங்கா, 2008-இலிருந்து உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள இடம். ஆகவே இனி கடற்கரையிலிருந்து கிளம்பும் முன் எல்லோருடைய பையையும் பார்ப்போம், பெரியவர்கள் பையையும் சேர்த்துத்தான். எடுத்தது எதுவானாலும் அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். பவளத்தின் மேல் யாரும் நடக்கக் கூடாது. மீறுகிற குடும்பத்தை அடுத்த சுற்றுலாவுக்கு அழைத்துப் போக மாட்டோம். இதில் பேச்சுக்கு இடமில்லை.

இவ்வளவு கண்டிப்பாக எழுதுவது உங்களைத் தெரிந்ததால்தான். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் நம் கரையோரத்துப் புவாந்த் தெனி பவளத்திட்டில் மோதி, ஆகஸ்டில் சுமார் ஆயிரம் டன் எண்ணெய் நம் லகூனில் (பவளத்திட்டுக்கும் கரைக்கும் இடையே உள்ள கடலில்) கொட்டியபோது, யாரும் சொல்லாமலே நீங்களாக வந்தீர்கள். எண்ணெயைத் தடுத்து உறிஞ்ச, கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்தீர்கள், காலி பாட்டில் கட்டி மிதக்கவிட்டீர்கள், தலைமுடிகூட வெட்டிக் கொடுத்தீர்கள். முழங்கை வரை எண்ணெய்க் கறையோடு கரையில் நின்ற பலருடைய பிள்ளைகள்தான் இன்று நம் வகுப்புகளில் படிக்கிறார்கள். அந்த நாட்களைப் பற்றி அவர்களிடம் வீட்டில் பேசுங்கள். நாங்கள் பாடம் நடத்துவதைவிட நீங்கள் சொன்னால் நன்றாகப் பதியும்.

அன்று எடுத்துவந்தது வீட்டில் இருந்தால், பள்ளி திறக்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். யார் எடுத்தது என்று கேட்க மாட்டோம். என்ன செய்யலாம் என்று மீன்வளத் துறையினரிடம் கேட்டுச் செய்கிறோம்.

இந்தப் பருவம் முழுக்க நீங்கள் தந்த ஒத்துழைப்புக்கு எல்லா ஆசிரியர்கள் சார்பிலும் மனமார்ந்த நன்றி. பிள்ளைகள் விடுமுறையில் நன்றாக ஓய்வெடுக்கட்டும். பள்ளி திறந்ததும் சந்திப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்